முதல் தொட்டியில் பலாச்சுளை

வளப்பூர் நாடு, கொல்லிமலை
6 ஜூலை 2025

மலைமேல் இருப்போருக்கும், மலைக்குக் கீழே இருப்போருக்கும், கடலோரத்தில் உட்கார்ந்து உப்புக்காற்று வாங்குவோருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: எங்கள் வீட்டுப் பின்புறம், இரண்டாம் தொட்டியில், உடைந்த ஓட்டுக்கு அடியில் குடியிருக்கும் பெண் நண்டு ஒருத்தி, நேற்று மழை விட்டதும் தன் பழைய சட்டையை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டாள். புதுச் சட்டை இறுகும்வரை யாரையும் சந்திப்பதாக இல்லை. பள்ளிகளுக்கு விடுமுறை கிடையாது.

அறிவிப்பு முடிந்தது. இனிமேல் சண்டை.

மாண்புமிகு ஆராய்ச்சியாளர் பூங்குழலி அவர்களுக்கு,

முதலில் "அக்கா" என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரியவேண்டும் என்பதற்காகவே ஒற்றைக் கோடாக அடித்திருக்கிறேன், பார்க்கவும். என் நம்பரைத் தாங்கள் ப்ளாக் செய்துவிட்டதால் உறை வாங்கி, எச்சில் தொட்டு ஒட்டி, தபால்பெட்டியைத் தேடவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து நண்டைப்பற்றிப் பேசச் சொன்னார்கள். நண்டைப்பற்றிப் பேசவேண்டியதுதானே? பெரியப்பா மகள் பேசப்போகிறாள் என்று முதல் வரிசையில் காலரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "இந்த நண்டைப் பிடித்தவன் என் தம்பி அர்த்தனாரி. கட்டைவிரலைக் கவ்வியதும் அவன் போட்ட அழுகையில், ஓடைக்கு அந்தப்பக்கம் மேய்ந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது."

நான் அழவில்லை. வலியைப்பற்றி உரத்த குரலில் ஒரு கருத்துத் தெரிவித்தேன்.

அன்றைக்கு வைத்த பெயர் "சைரன்". ப்ளஸ் ஒன் முழுக்க சைரன். பஸ்ஸில் கால் வைத்தால் கண்டக்டர் தனபால் அண்ணன், "சைரன் ஏறியாச்சு, ரைட்!" என்கிறார். நண்டுக்கு ஓடு இருக்கிறது, ஓடாமலே தப்பிக்கிறது. எனக்கு ஓடும் இல்லை, ஓடவும் இடமில்லை. அது கடித்தது ஒரு கடி. நீங்கள் கடித்த கடி இன்னும் விடவில்லை.

அதற்குத்தான் "கொல்லிமலைப் பலாப்பழம், மொத்த வியாபாரம், எந்நேரமும் அழைக்கலாம்" என்று தங்கள் நம்பரைப் போட்டு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் விட்டேன். நீ ஒன்று, நான் ஒன்று, சரியாய்ப்போயிற்று என்றுதான் நினைத்தேன். நீங்கள் ப்ளாக் செய்தீர்கள். ஆக, ஆட்டம் முடியவில்லை.

என் கோரிக்கை ஒன்றே. "அர்த்தனாரி அழவில்லை" என்று கைப்பட எழுதி அனுப்பவும். பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறேன். இல்லையென்றால் பழிக்குப் பழி. தங்கள் நண்டுகள் என் கையில் இருக்கின்றன என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
சைரன் அல்லாத
அர்த்தனாரி


நாகப்பட்டினம்
14 ஜூலை 2025

டேய் அர்த்தனாரி,

உன் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பத்துக்கு மூன்று. அதுவும் கையெழுத்துக்காக.

மன்னிப்புக் கடிதம் கிடையாது. மாடு ஓடியது உண்மை. துரத்திப் பிடித்துக் கட்டியவள் நான். நீ மடுவில் உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டிருந்தாய்.

உன் பலாப்பழ விளம்பரம் என்ன செய்தது தெரியுமா? பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போது ஒருவர் கூப்பிட்டு, "ஏனுங்க, சுளை மஞ்சளுங்களா, வெளுப்புங்களா?" என்கிறார். என் ஆய்வு வழிகாட்டி மேடம் பக்கத்தில் இருக்கும்போது இன்னொருவர் லோடு அனுப்பச்சொல்லி அழுகிறார். தெரியாத நம்பர் எதையுமே இப்போது எடுப்பதில்லை. சித்தி போனிலிருந்து நீ குரலை மாற்றிப் பேசினாயே, அதனால் அந்த நம்பரையும் ப்ளாக் செய்துவிட்டேன்.

உன் விளையாட்டு என்னோடு இருக்கட்டும். தொட்டிப் பக்கம் வேண்டாம். ஏன் என்று ஒருமுறை ஒழுங்காகச் சொல்கிறேன், படி.

நண்டால் நிறத்தைத் தானாக உண்டாக்க முடியாது. பாசியையும் இலைதழையையும் தின்று அதிலிருக்கும் மஞ்சள் நிறமியை வாங்கிக்கொள்ள வேண்டும். கேரட்டில் இருக்கும் அதே குடும்பம்தான். வாங்கியதை என்ன செய்வது என்பதற்கு நண்டின் உடம்பில் மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று, குடலிலிருந்து நிறமியை உள்ளே எடுத்துவிடும் புரதத்துக்கானது. ஒன்று, நிறமியைப் பாதியாக வெட்டும் நொதிக்கானது. ஒன்று, மஞ்சளைச் சிவப்பாக மாற்றுவது. இன்னொன்று, அந்தச் சிவப்பை இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டுக்கு நீலமும் கறுப்புமான சாயலைத் தரும் புரதத்துக்கானது. நண்டை வேகவைத்தால் அந்தப் புரதம் சிதைந்து பிடி விட்டுப்போகும். ஒளிந்திருந்த சிவப்பு வெளியே வரும். நீ சாறு வைத்துக் குடிக்கும்போது பார்ப்பது அதைத்தான்.

கடல் இறாலில் இதையெல்லாம் நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள். நம் ஓடை நண்டில் யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. இங்கே கொண்டுவந்தால் வெக்கையில் செத்துப்போகிறது. அதனால்தான் உங்கள் வீட்டில் தொட்டி வைத்தேன். முதல் தொட்டிக்கு வெள்ளைப் பொட்டலம், நிறமி துளியும் இல்லாத தீனி. இரண்டாம் தொட்டிக்குப் பச்சைப் பொட்டலம், பாசிப்பொடி கலந்தது. சுவரில் பாசி படியக்கூடாது, தேய்த்துக் கழுவு. கழற்றிய சட்டையை நண்டு தின்பதற்குள் எடுத்துவிடு. செப்டம்பரில் திசு எடுத்து, எந்த மரபணு எந்தத் தொட்டியில் கூடுதலாக வேலை செய்கிறது என்று பார்ப்பேன்.

டிசம்பரோடு என் உதவித்தொகை முடிகிறது. இவை மழைக்காலத்தில்தான் சட்டை கழற்றும். எனக்கு இன்னொரு மழைக்காலம் இல்லை. இந்த முறை தவறினால் நண்டை விட்டுவிட்டு யாருடைய இறால் வேலையிலாவது ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். புரிந்ததா?

பின்குறிப்பு: சித்திக்குத் தனிக் கடிதம் போட்டிருக்கிறேன். அரையாண்டு முடியும்வரை உன் போன் அவரிடம் இருக்கும். கணக்குத் தேர்வில் நீ வாங்கியதையும் எழுதியிருக்கிறேன். நீதானே பழிக்குப் பழி என்றாய்?

பூங்குழலி


வளப்பூர் நாடு
25 ஜூலை 2025

வணக்கம்.

உறையைப் பிரித்ததும் தும்மியிருப்பீர்கள். அது எங்கள் தோட்டத்து மிளகு, புதிதாக இடித்தது. உடம்புக்கு நல்லது.

என் போன் சாமை டிரம்முக்குள் கிடக்கிறது. மேலே மூடி. மூடிமேல் அம்மிக்கல். அம்மிக்கல்மேல் என் அம்மா பாவாயியின் பார்வை. விடிகாலையில் அலாரம் அடிக்கும்போது சாமைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. பூனை டிரம்மைச் சுற்றிச்சுற்றி வருகிறது. "அலாரத்தையாவது நிறுத்திக்கறேன் குடும்மா" என்றால், "அடிக்கட்டும் கண்ணு, எந்திரிச்சுக் கணக்குப் போடு" என்கிறார். கணக்கு மார்க்கைப் போய்ச் சொல்லியிருக்கிறீர்களே, நீங்கள் மனுஷிதானா?

சரி. தங்கள் பாடத்தை நான் படிக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். நாலு ஜீனுக்கும் பெயர் வைத்துவிட்டேன். உள்ளே விடுகிறவன் வாசல்காரன். வெட்டுகிறவன் கத்திரிக்காரன். மஞ்சளைச் சிவப்பாக்குகிறவன் பெயிண்டர். சிவப்பைப் பிடித்து நீல யூனிபாரம் மாட்டி உள்ளே தள்ளுகிறவன் போலீஸ். கொதிக்கிற சட்டியில் போட்டதும் போலீஸ் மயங்கிவிடுகிறார், கைதி வெளியே வந்துவிடுகிறார். எனக்கு இருப்பது ஒரே ஜீன்ஸ், அதுவும் முழங்காலில் கிழிசல். நண்டுக்கு எத்தனை ஜீன், எத்தனை வேலைக்காரர்கள்!

படித்ததில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். முதல் தொட்டிக்குள் கொஞ்சம் மஞ்சள் போனால் போதும், தங்கள் ஆராய்ச்சி அம்பேல். இதைத் தாங்களே, தங்கள் கையாலேயே, எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மஞ்சளாக என்ன பழுத்துத் தொங்குகிறது என்று யோசித்துக்கொண்டே தூங்கவும்.

போன் திரும்பி வரவேண்டும். பஸ்ஸில் கடிதம் ஒட்டப்படவேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நடப்பது நடக்கும்.

அர்த்தனாரி


நாகப்பட்டினம்
19 செப்டம்பர் 2025

அர்த்தனாரி,

தும்மினேன். மேடத்தின் மேல். அவர் கையில் என் ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயம் இருந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் உனக்குப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது கடிதமாக இருந்திருக்காது.

போன வாரம் நானே வருவதாக இருந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் ஓடையில் தள்ளிவிடுவேன் என்று தோன்றியதால், கூட ஆராய்ச்சி செய்யும் சந்தோஷ்குமாரை அனுப்பினேன். திசு எல்லாம் உறைநிலையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அவனுக்குச் சித்தி களியும் கீரையும் போட்டாராம். நீ அவன் ஷூவுக்குள் பலாக்கொட்டை போட்டாயாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் நிறமியில்லாத தீனி தின்ற நண்டு, சட்டை மாற்றும்போது வெளுத்திருக்க வேண்டும். முதல் தொட்டி நண்டு ஒன்றுகூட வெளுக்கவில்லை. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எந்தத் தொட்டி என்று எனக்கே தெரியவில்லை. அதே கரும்பழுப்பு, கால் நுனியில் அதே நீலம்.

சந்தோஷ்குமார் சித்தியைக் கேட்டிருக்கிறான். "சொன்னபடிக்குத்தான் போட்டான் சாமி" என்றாராம். சித்தி உன்னை நம்புவார். நான் உன்னை அறிவேன்.

என்ன செய்தாய்? உடனே பதில் போடு.

பூங்குழலி


வளப்பூர் நாடு
26 செப்டம்பர் 2025

ஆஹா!

கேட்டீர்களே ஒரு கேள்வி. இதற்காகத்தான் காத்திருந்தேன். முதலில் ஒரு விசில். கடிதத்தில் விசில் கேட்காது என்பதால் நீங்களே அடித்துக்கொள்ளவும்.

நான்தான். வேறு யார்? ஆடி மாதம் முழுக்கப் பலாச்சுளை. நல்ல தேன் மஞ்சள், தொட்டால் கையில் ஒட்டுகிற பதம். அம்மா மிளகுக்கொடிக்கு மண் அணைக்கப் போனதும், சுளையைச் சுண்டுவிரல் அளவுக்குக் கிள்ளி முதல் தொட்டியில் போடுவேன். உங்கள் நண்டுகள் கல்யாணப் பந்திக்கு வந்த மாதிரி வரிசையாக வந்து உட்காரும். தின்ற தடம் தெரியாமல் தண்ணீரை மாற்றுவேன். வெள்ளைப் பொட்டலம் அளவாகக் குறையவேண்டுமே, அதைத் தினமும் கொஞ்சம் கோழிக்குப் போடுவேன். பலாக் காய்ப்பு முடிந்த பிறகு பூசணி.

வாசல்காரனுக்கு ஓயாத வேலை. பெயிண்டருக்கு ஓவர்டைம். போலீஸ் ஸ்டேஷனில் இடமே இல்லை. அப்புறம் எங்கே வெளுப்பது? முகம் வெளுத்தது உங்களுக்குத்தான்.

மூன்று மாதமாக ஒரு பஸ் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை அப்படியே மூன்று மாத நண்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை மேடை ஏறும்போது தம்பியைப்பற்றிப் பேசலாமா என்று யோசிப்பீர்கள்.

பழி தீர்ந்தது. உறையில் மிளகு இல்லை, பயப்படாமல் முகரலாம்.

வெற்றி வீரன்
அர்த்தனாரி


நாகப்பட்டினம்
4 அக்டோபர் 2025

அர்த்தனாரி,

உன் கடிதத்தை மேடத்திடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "உன் தம்பி நன்றாக எழுதுகிறான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மரபணுச் சோதனையை இன்னும் தொடங்கவில்லை. இனித் தொடங்கவும் போவதில்லை. பலாச்சுளை தின்ற நண்டை நிறமி தின்னாத நண்டு என்று எழுதமுடியாது. வருகிற வெள்ளிக்கிழமை உறைபெட்டியைக் காலி செய்கிறோம். மலை நண்டு டப்பாக்களையும் எடுத்து அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து இன்னொருவரின் இறால் வேலையில் கையாள். என் தலைப்பில் கொல்லிமலை என்ற சொல் இருக்காது.

மூன்றரை வருஷம், அர்த்தனாரி. அந்த ஓடைகளில் நான் எத்தனை முறை வழுக்கி விழுந்தேன் என்று உனக்குத் தெரியும். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நீ.

உன்னைப்பற்றி மேடையில் பேசியது தப்பு. எல்லோரும் சிரிக்கச் சிரிக்க எனக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. ஆனால் அது ஒரு சிரிப்பு. நீ செய்தது அப்படியல்ல.

பஸ்ஸில் ஒட்டுவதற்கு நீ கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. "அர்த்தனாரி அழவில்லை." கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒட்டிக்கொள். இனிமேல் எனக்கு எழுதாதே. என் அப்பா கேட்டால் ஆராய்ச்சி சரியாக வரவில்லை என்று சொல். உன் பெயரை நான் நம் குடும்பத்தில் யாரிடமும் சொல்லப்போவதில்லை. வீட்டில் எல்லோரும் உன்னைக் கொஞ்சிக்கொண்டே இருக்கட்டும். என்ன செய்தாய் என்று அங்கே நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். நான் வாங்கும் பழி இதுதான்.

பூங்குழலி


ஆய்வக வாசல், நாகப்பட்டினம்
9 அக்டோபர் 2025, வியாழக்கிழமை

அக்கா,

இந்தத் தடவை அடிக்கவில்லை, பார்.

இதை உங்கள் ஆய்வக வாசலில், வாட்ச்மேன் கொடுத்த தாளில் எழுதுகிறேன். அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறார். "யாரப்பா நீ?" என்று கேட்டார். "நண்டு வளர்த்தவன்" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப்போட்டார். கடிதத்தை உள்ளே கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதம் நேற்று மத்தியானம்தான் வந்தது. தபாலில் பதில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது. அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன். நீ ப்ளாக் செய்ததை மறந்துவிட்டேன். தனபால் அண்ணன் போனை வாங்கிக் கூப்பிட்டேன். புது நம்பர், நீ எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், நீ பார்த்ததாகவே காட்டவில்லை. ஆய்வகத்து நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டால், எடுத்தவர், "கொல்லிமலையிலிருந்து பேசறேனுங்க" என்று நான் சொன்னதுமே, "பலாப்பழம் வேண்டாம்ப்பா" என்று வைத்துவிட்டார். நான் போட்ட விளம்பரம் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது.

விடியற்காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. தனபால் அண்ணன், "எங்கடா சைரன், ஸ்கூல் இல்லையா?" என்றார். "அக்கா ஊட்டுக்குங்க" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. டிக்கெட்டும் கொடுக்கவில்லை. நீ கையெழுத்துப் போட்ட தாள் பையில்தான் இருந்தது. ஒட்டவில்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் அதைச் செய்யவில்லை, அக்கா.

செய்யப் போனேன், அது நிஜம். உனக்கு மிளகு அனுப்பினேனே, அதற்கு மறுநாள் ஒரு தட்டு நிறையச் சுளையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். மூடியைத் தூக்கினேன். ஒன்று அப்போதுதான் சட்டை கழற்றியிருந்தது. தொட்டால் தோசைமாவு மாதிரி இருக்கும், இல்லையா? மூலையில் ஒடுங்கியிருந்தது. நான்தான் தினமும் தீனி போடுகிறவன் என்பதால், அந்த நிலையிலும் பூப்போன்ற கொடுக்கை என் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தது. மற்றது பார்த்தால் அதைக் கிழித்துத் தின்றுவிடும். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அதை மட்டும் வலைக்கூடையில் தனியாக எடுத்துவிட்டேன். அப்புறம் வெள்ளைப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, மூடியை மூடிவிட்டு, தொட்டிமேலேயே உட்கார்ந்து தட்டிலிருந்த பலாச்சுளை முழுவதையும் நானே தின்றேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிறு. காரணம் கேட்காதே.

அதற்குப்பிறகு ஒருநாள்கூடச் சுளையோடு தொட்டிப் பக்கம் போகவில்லை. கோழிக்கு வெள்ளைத் தீனி போட்டதும் பொய், பூசணியும் பொய். இந்த வருஷம் நாங்கள் பூசணியே போடவில்லை, பெரியப்பாவைக் கேள். பாசி படியக்கூடாது என்றாயே, வாரம் இரண்டு முறை தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். தண்ணீரை வேட்டித்துணியில் வடிகட்டி ஊற்றினேன். கழற்றிய சட்டையெல்லாம் எடுத்துத் தேதி எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். கொண்டுவந்திருக்கிறேன், வாட்ச்மேன் மேசைமேல் இருக்கிறது. பழிவாங்குகிறவன் எவனாவது தொட்டி கழுவுவானா? நான் கழுவினேன். இதை வெளியே சொல்லாதே.

ஏன் செய்ததாக எழுதினேன் என்று கேட்பாய். நீ "என்ன செய்தாய்?" என்று கேட்டாய். "ஏதாவது செய்தாயா?" என்று கேட்கவில்லை. நான்தான் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத ரொம்ப நன்றாக இருந்தது. கல்யாணப் பந்தி என்று எழுதும்போது நானே சிரித்தேன். ஒரே கடிதத்தில் உன்னை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. நீ அதை மேடத்திடம் காட்டுவாய், டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாடு ஓடியதும் நிஜம். அழுததும் நிஜம். நீ சொன்னதைவிட ஜாஸ்தியாகவே அழுதேன். இதைத் தனபால் அண்ணனிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

டப்பாக்களை எறியாதே, அக்கா. உன் சோதனையைப் போடு. மேடத்திடம் என்னைக் கூட்டிக்கொண்டு போ, நான் சொல்கிறேன். அந்த நண்டுகள் நீ கொடுத்த வெள்ளை மாவைத் தவிர வேறு எதையும் தின்னவில்லை. அப்படியும் ஏன் வெளுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. வாசல்காரனா, கத்திரிக்காரனா, யார் என்ன செய்தான் என்று நீதான் பார்த்துச் சொல்லவேண்டும். வெளுக்காமல் இருந்தது அந்த நண்டுகள் தாமாகவே செய்த வேலை. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

அர்த்தனாரி